எடைக்காரம்மாவின் ஏழு நாள்

நவம்பர் 13, வியாழன் – மதுரை

வரும் மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. முப்பத்தாறு வருடமாக ஒரே வேலை. ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளைப் பார்ப்பது, அவர்கள் வீட்டு வறுமையைப் பார்ப்பது, அந்த வறுமை பிள்ளையின் உடம்பிலும் பேச்சிலும் எங்கே போய் உட்காருகிறது என்று தேடுவது. மேசையைக் காலி செய்தபோது 1989ஆம் வருடத்துக் களக் குறிப்பேடுகள் மூன்று கிடைத்தன. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் ஆராய்ச்சி மாணவி எட்டிப் பார்த்து, "மேடம், அந்த ஊருக்கெல்லாம் அப்புறம் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். போனதில்லை. இந்தப் பயணம் அந்தக் கேள்வியில் கிளம்பியதுதான்.

பகல் ரயில். திருச்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மதுரையில் இறங்கினால் ஆட்டோக்காரர் இரண்டு கிலோமீட்டருக்கு 250 ரூபாய் என்றார். மழை, இரண்டு பெட்டி, வயதான பெண்மணி, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருப்பார். பேசிப் பேசி 160க்கு வந்தது. போகிற வழியில் என்ன வேலை என்று விசாரித்தார். சின்னப் பிள்ளைகளின் எடை, உயரம், வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி என்றேன்.

"இதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி? பிள்ளையத் தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சுரும்ல?"

மாணவி சிரித்துவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தூக்கிப் பார்த்தால் பாதி தெரியும் என்பது உண்மைதான். மீதிப் பாதிக்காகத்தான் முப்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

விடுதியின் பெயர்ப் பலகையில் '24 மணி நேர வெந்நீர்' என்று எழுதியிருந்தது. பலகையில் மட்டும். ராத்திரி இட்லியும் நாலு சட்னியும். மாணவி கறிதோசை சாப்பிட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் நின்று ஜிகர்தண்டாவும் குடித்தாள். வேண்டாம் என்றேன். அதன் பலன் ஞாயிற்றுக்கிழமை வரும்.

நவம்பர் 14, வெள்ளி – கொட்டாம்பட்டி

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வழியாகப் பேருந்து. 1989இல் இதே சாலையில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும். இப்போது நாலுவழிச் சாலை. நிழல் இல்லை, ஆனால் முக்கால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. எதைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

கொட்டாம்பட்டி எங்கள் துறையில் பேர்போன ஊர். இங்கே டீ குடித்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியாது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது முதலில் தொடங்கிய ஒன்றியம் இதுதான். யோசனை எளிமையானது. பிள்ளை சறுக்குவது மூன்று வயதுக்கு முன்னால். பள்ளிக்கூடத்தில் சோறு போடும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவே ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை மாதாமாதம் எடை போடு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடு, ஏறியதும் நிறுத்து. எல்லாருக்கும் கொடுத்தால் கட்டுபடியாகாது, தேவைப்படும் பிள்ளைக்குத் தேவைப்படும் காலத்துக்கு மட்டும் கொடுத்தால் காசும் மிச்சம், தாய்க்கும் கண் திறக்கும். இரண்டு வருடம் கழித்து, 1982இல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் எடையும் இல்லை, வரைபடமும் இல்லை. வந்த பிள்ளைக்குச் சோறு. படித்தவர்கள் பலர் அதைக் கேலி செய்தார்கள். 22 வயதில் தராசைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்த நானும் மனசுக்குள் கேலி செய்தவள்தான்.

இன்றைக்குக் குழந்தைகள் தினம். நாங்கள் போன பால்வாடியில் (அங்கன்வாடி என்று பலகையில்தான் இருக்கிறது, ஊர் வாயில் இன்றும் பால்வாடிதான்) பிள்ளைகளின் சட்டையில் ரோஜாப்பூ குத்தியிருந்தார்கள். பத்தரைக்குள் பாதிப் பூவைத் தின்றுவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கேக் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு பையன் தன் துண்டைக் கீழே போட்டுவிட்டு அதைப் பார்த்தபடி அழாமல் நின்றான். பக்கத்திலிருந்த பெண்பிள்ளை தன்னுடையதைப் பிய்த்து நீட்டினாள். நீட்டியது சின்னப் பாதி. அவளும் பிள்ளைதானே.

டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். காலை ஒன்பதிலிருந்து கையில் ஃபோன். வருகைப் பதிவு ஒரு செயலியில், பிள்ளைகள் சாப்பிடுகிற படம் அதில், எடை அதில், சத்துமாவு வாங்க வருகிறவர் முகமும் அதில். ஒரு ஆச்சி பேத்திக்கு மாவு வாங்க வந்தார். மகள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். டீச்சர் ஃபோனை ஆச்சி முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க ஆச்சி" என்றார். ஆச்சி ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார். அறையே சிரித்தது. செயலி சிரிக்கவில்லை, பதிவில் இருப்பது தாயின் முகம். டீச்சர் பெருமூச்சு விட்டு, மாவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் ஏதோ எழுதி வைத்தார். எந்த ஆராய்ச்சிக்கும் கிடைக்காத தகவலெல்லாம் அந்த நோட்டில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் பயந்துவிடுவார்.

பதினொன்றேகாலுக்கு ஃபோனில் சார்ஜ் தீர்ந்தது. கரண்டும் இல்லை. அதன்பின் முக்கால் மணி நேரம் நடந்ததுதான் பாடம். காக்கா, நரி, மழை, ஒன்றிலிருந்து இருபது, உன் வீட்டில் எத்தனை ஆடு, ஆட்டுக்கு எத்தனை கால். இரண்டு ஆட்டுக்கு எத்தனை கால் என்றதும் ஒரு பொடியன் மட்டும் எழுந்து, "எங்க வீட்டு ஆடு செத்துப்போச்சு" என்றான். டீச்சர் கணக்கை விட்டுவிட்டு அந்த ஆட்டைப் பற்றி விசாரித்தார்.

மாணவி என்னைப் பார்த்தாள். இருவரும் நினைத்தது ஒன்றுதான். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, சிலவற்றில் மட்டும் பாடம் சொல்லிக்கொடுக்க அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். பாட நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கூடவே பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் சத்துக் குறைபாடும் குறைந்தது. பொருளியல் ஆய்விதழில் வந்த அந்தக் கட்டுரையில் சமன்பாடுகள் நிறைய. பேட்டரி தீர்ந்த ஒரு ஃபோன் அதையே எனக்கு முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

மதியம் எங்களுக்கும் பருப்பு சாதம் வைத்தார் ஆயா. பிள்ளைகள் சோற்றில் பங்கு கேட்கக்கூடாது என்பது என் பழைய விதி. ஆயா விடவில்லை. "ஏழு பிள்ளைக வரல, சோறு கெடக்கு" என்றார். நல்ல சோறு. உப்புதான் ஒரு கல் குறைவு.

நவம்பர் 15, சனி – அதே ஊர்ப்பக்கம்

குறிப்பேட்டில் எண் 47. பெண் குழந்தை, 22 மாதம், 7.1 கிலோ. பக்கத்தில் என் கையெழுத்தில் 'சவலை' என்று எழுதி, அடித்து, ஆங்கிலத்தில் வேறு ஏதோ எழுதியிருக்கிறேன். அந்த ஆங்கிலப் பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. அடித்த சொல் மிச்சம்.

சவலை என்றால் நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் பால் மறந்து, வற்றி, சிணுங்கிக்கொண்டே இருக்கும் மூத்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் கானாவில் (அப்போது கோல்டு கோஸ்ட்) வயிறும் காலும் வீங்கிய பிள்ளைகளைப் பார்த்தார். அந்த ஊர்க் கா மொழித் தாய்மார்களின் சொல்லையே எடுத்து 'குவாஷியார்கர்' என்று உலகத்துக்குக் கொடுத்தார். அடுத்த குழந்தை வந்ததும் முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். நம் தாய்மார்களும் அதே இடத்தைத்தான் தொட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் நான் 'சவலை'யை அடித்துவிட்டு ஆங்கிலம் எழுதினேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. டீக்கடையில் அந்தக் குழந்தையின் வீட்டை விசாரித்ததும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே அந்த வீட்டு வாசல்வரை வந்து விட்டுவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவளைப் பெற்ற அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"யாரு, எடைக்காரம்மாவா?"

இந்தப் பட்டப்பெயர் எனக்கு இருந்ததே இன்றைக்குத்தான் தெரியும்.

பேரனைக் கூப்பிட்டு ஐம்பது ரூபாய் கொடுத்துக் கடைக்கு விரட்டினார். உள்ளே கம்பங்கூழ் இருக்கிறது, மோர்மிளகாய் வாசனையும் வருகிறது, எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. ஆனால் மெட்ராஸ்காரிக்குக் கூழ் கொடுப்பார்களா? ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் வந்தது. குடித்தோம். மரியாதை என்றால் சில நேரம் சர்க்கரைத் தண்ணீர்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு, "அக்கா, கூழ் இருந்தா ஒரு வாய்…" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகம் சரியானது.

நான் போன பிறகு எடை மையம் என்ன ஆனது என்று கேட்டேன். கொஞ்ச காலம் நடந்ததாம். அப்புறம் அந்தத் தொங்கு தராசு உத்திரத்திலேயே கிடந்ததாம். "புளி உலுக்குற காலத்துல அதுலதான் நிறுப்போம். ஏவாரி தராசு அரைக் கிலோ அமுக்கும், உங்க தராசு சுத்தம். ஆட்டுக்குட்டிகூட நிறுத்துருக்கோம்." பிள்ளையை உட்கார வைக்கிற அந்த அரைக்கால் சட்டை மாதிரியான துணியில் ஆட்டுக்குட்டியா என்று மாணவி கேட்டாள். ஆமாம், நாலு காலுக்கு ஓட்டை பத்தாது, ரெண்டை வெளியே விட்டுவிடுவோம் என்று செய்து காட்டினார். இத்தனை வருடத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றி எத்தனையோ மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். வியாபாரியின் ஏமாற்றைத் தராசு பிடித்தது என்று ஒன்றிலும் இல்லை.

எண் 47 திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். இரண்டு பிள்ளைகள். "எப்படி இருக்கா?" என்றதற்கு, "இருக்கா. என்னை மாதிரி குட்டைதான். நீ மட்டும் என்ன, வளந்தா கெடக்க?" என்றார். நான் நாலடி ஒன்பது அங்குலம். மறுக்க முடியாது.

பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். சத்துருண்டை மூன்று மாதம் கொடுத்தோம், எடை ஏறியது, நிறுத்திவிட்டோம். "பிள்ளை தேறுச்சுன்னதும் பறிச்சுட்டீங்க. அடுத்த மாசம் எடைக்கு வரும்போது, இவளுக்கு ஒரு வேளைச் சோத்தக் குறைச்சுத்தான் கூட்டியாந்தேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. விதியை எழுதியவர்கள் தாய்க்குக் கண் திறக்கும் என்றார்கள். திறந்தது உண்மைதான். என் குறிப்பேட்டில் அந்த மாதம் 'மீண்டும் எடைக் குறைவு, காரணம் வயிற்றுப்போக்கு?' என்று இருக்கிறது. கேள்விக்குறி போட்டிருந்தேன் என்பதுதான் ஆறுதல்.

கிளம்பும்போது ஒரு கிலோ புளி கொடுத்தார். காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டார்.

நவம்பர் 16, ஞாயிறு – சாலையில்

மதுரையிலிருந்து திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவை, அங்கிருந்து மேட்டுப்பாளையம். ஆறு மணி நேரம் என்றார்கள். பத்தரை ஆனது. ஜிகர்தண்டாவின் பலன் மாணவிக்குத் திண்டுக்கல் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றித் தாய்மார்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். பையில் ஒரு பொட்டலம்கூட இல்லை. பின்சீட்டு அம்மா ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் குலுக்கிக் கொடுத்தார். உப்பும் சர்க்கரையும் அவர் பையில் எதற்கு இருந்தன என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. இரண்டு மணி நேரம் மழைத் தூறலில் நின்றோம். நடத்துநர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வயதானவர்களையெல்லாம் எண்ணி, எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த எண்ணிக்கையில் நானும் இருந்தேன். முதல்முறை.

அது முருங்கைக்காய்ச் சந்தைக்குப் பேர்போன ஊர். டீக்கடைக்குப் பின்னால் ஒருவர் காயைக் கட்டிவிட்டுக் கீரையைக் குவித்துப் போட்டிருந்தார். விலை கேட்டேன். "காய்க்குத்தான் விலை. கீரைய அள்ளிட்டுப் போங்க, ஆட்டுக்குத்தான் போடுறோம்." 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய சராசரி 35.5, நாம் பரவாயில்லை. ஆனால் ரத்தசோகை அதற்கு முந்தைய கணக்கில் 50.7 ஆக இருந்தது 57.4க்கு ஏறிவிட்டது. கீரையால் மட்டும் தீர்கிற விஷயம் இல்லை. குடல் புழு, தாயின் ரத்தசோகை, குடிக்கும் தண்ணீர் எல்லாம் உண்டு. இருந்தாலும் ஆட்டுக்கு முன்னால் கிடந்த அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பது சங்கடமாக இருந்தது.

மேட்டுப்பாளையம் ராத்திரி ஒன்பது. ரசம் சோறு இருவருக்கும். தூக்கம்.

நவம்பர் 17, திங்கள் – குன்னூர்

மழையில் மண் சரிந்து மலை ரயில் ஓடவில்லை. பர்லியார் சாலையிலும் வண்டிகளைத் தடுத்து வைத்திருந்தார்கள். கோத்தகிரி சுற்றிப் போனோம். பனி, வளைவு, பனி. முன்சீட்டுப் பையன் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தான். அவன் அப்பா ஒவ்வொரு முறையும் எங்களைப் பார்த்து "மன்னிச்சுக்கோங்க" என்றார். அவர்தான் பாவம்.

குன்னூருக்கு ஏன் வந்தேன் என்றால், எங்கள் படிப்புக்கு இதுதான் பிறந்த வீடு. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் நிலையம், 1907இல் வந்தது. அதில் ஒரே ஒரு அறையில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. உள்ளே போக முன்கூட்டி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை, தப்பு என்னுடையது. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தோம். குடையைக் காற்று திருப்பிப் போட்டது. 180 ரூபாய்க் குடை, இரண்டு நாள் ஆயுள்.

மெக்கரிசன் இங்கே எலிகளுக்கு விருந்து வைத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, மராத்தியர், வங்காளி, கடைசியாக மதராஸி. சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிய அரிசிச் சோறு தின்ற மதராஸி எலி வரிசையில் கடைசி. இதைச் சொன்னதும் மாணவி, "அப்ப எங்க பாட்டி எப்படி தொண்ணூறு வயசு இருந்தாங்க?" என்றாள். பாட்டி சாப்பிட்டது புழுங்கலரிசியாக இருக்கும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். இங்கே வேலை செய்தவர்களே அதையும் கண்டார்கள். எலிப் படத்தை மட்டும் பாடப்புத்தகத்தில் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பேக்கரியில் சூடாக வர்க்கி, இஞ்சி டீ. கால் கிலோ வர்க்கி 80 ரூபாய். சீக்கிய எலிக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசிச் சிரித்தோம்.

அங்கே உட்கார்ந்துதான் சி. கோபாலனைப் பற்றிச் சொன்னேன். அறை திறந்த அதே 1918இல் சேலத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்து, குன்னூர் ஆய்வகத்தில் சேர்ந்து, நம் ஊர்க் குவாஷியார்கர் பிள்ளைகளை ஆராய்ந்து, பின்னால் அதே நிறுவனத்துக்கு இயக்குநரானவர். நூறு வயது வாழ்ந்து 2019இல் மறைந்தார். நாங்கள் படித்த காலத்தில் உணவுச் சத்து அட்டவணை என்றால் அவர் குழு போட்ட அட்டவணைதான். எனக்கு அவரைப் பிடித்தது வேறு ஒரு சண்டைக்காக. 1980களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஏழை நாட்டுப் பிள்ளைகள் பலர் குட்டையாக இருந்தாலும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள், கிடைத்த சோற்றுக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்றார். கேட்க நன்றாக இருக்கும். அரசாங்கத்துக்கு இன்னும் நன்றாக இருக்கும். கோபாலன் விடவில்லை. அந்தக் குட்டை உடம்பு வறுமையின் தழும்பு, அதை நலம் என்று ஏற்றுக்கொண்டால் வறுமையையே ஏற்றுக்கொண்டதாகும் என்று எழுதினார்.

அப்போது நான் மனசுக்குள் செக்லர் பக்கம். என் வீட்டில் எல்லாரும் குட்டை, எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ரோஷம். பிறகு பேறுகாலப் பதிவேடுகளோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தேன். குட்டையான தாய், எடை குறைந்த குழந்தை, அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் அவளும் குட்டையான தாய். ரோஷம் போய்விட்டது. முந்தாநாள் திண்ணையில் "நீ மட்டும் என்ன, வளந்தா கெடக்க?" என்று கேட்டதும் இதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அதை அங்கே சொல்லி என்ன செய்ய? கூழைக் குடித்தேன்.

நவம்பர் 18, செவ்வாய் – தேயிலைத் தோட்டம்

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், ஐம்பது பெண்களாவது வேலை செய்கிற தோட்டத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இங்கே காப்பகமும் இருந்தது. ஓடு போட்ட அறை, தொட்டில்கள், எட்டுப் பிள்ளைகள். மாணவியின் கணுக்காலில் அட்டை ஏறி, உப்பு வைத்து எடுத்தோம்.

அங்கே ஒரு பாட்டி. ஊழியர் இல்லை, சும்மா வருகிறவர். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழரை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா என்று எழுதிக்கொடுத்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர். காப்பகம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "பிள்ளைக் காம்பரா" என்றார். என்னை "வாங்க மகள்" என்று கூப்பிட்டார். எனக்கு 58 வயது என்றால் நம்பமாட்டார் போல.

அவர் மடியில் ஒரு வயதுப் பிள்ளை. ஓயாமல் அதனோடு பேசிக்கொண்டிருந்தார். "மழ வருதா? வருதுல்ல? அம்மா எங்க, கொழுந்து எடுக்கவா? எத்தன கிலோ எடுப்பா?" பிள்ளை "ஊ" என்றால், "முப்பதா! அவ்வளவா!" காலி டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினார். டப்பாவைப் பின்னால் ஒளித்தார். பிள்ளை எட்டிப் பார்த்தது.

மாணவி மெல்ல, "மேடம், ஜமைக்கா" என்றாள்.

அதேதான். 1986–87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சாலி கிரந்தம்-மெக்ரிகோரும் குழுவினரும் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக்குச் சத்துப் பால்மாவு. ஒரு பகுதிக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் வீட்டுக்குப் போய், தூக்கியெறிகிற டப்பா, மூடி, துணியில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் பிள்ளையுமாக விளையாடக் கற்றுக்கொடுப்பார். ஒரு பகுதிக்கு இரண்டும். ஒரு பகுதிக்கு எதுவும் இல்லை. இரண்டே வருடம். பிறகு அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாலின் பலன் வருடம் போகப்போகத் தேய்ந்தது. விளையாட்டின் பலன் தேயவில்லை. 22 வயதில், அந்த வீட்டு விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த முறையை இப்போது ஒடிசாவிலும் வங்கதேசத்திலும்கூடச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1989இல் என் கையில் தராசு இருந்தது, நாற்பது கேள்விகள் கொண்ட தாள் இருந்தது. என்ன கொடுத்தாய், எத்தனை கரண்டி, எத்தனை தடவை வயிற்றால் போனது. பிள்ளையோடு பேசினாயா என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டிருந்தால் எண் 47இன் தாய் என்ன சொல்லியிருப்பார்? காலை ஆறுக்குக் கல்லுடைக்கப் போய்விட்டு இருட்டியதும் வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று திட்டியிருப்பார். திட்டுவாங்கிக்கொண்டாவது கேட்டிருக்கலாம்.

பாட்டி மதியத்துக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்தார். மைதா ரொட்டி, கனமாக, அடுப்புக் கரி வாசனையோடு. காரத்தில் கண்ணில் நீர் வந்தது. "எங்க ஊருல மாசிக் கருவாடு போடுவோம், இங்க நல்லது கெடைக்கல" என்றார். எங்க ஊரு என்று அவர் சொன்னது ஐம்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவந்த இடத்தை. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் முதல். கூழ் இரண்டாவது.

நவம்பர் 19, புதன் – சென்னை, காலை

கோவையிலிருந்து ராத்திரிப் பேருந்து. மாணவிக்கு வயிறு சரியாகிவிட்டது, எனக்குச் சளி பிடித்துவிட்டது. புளிப் பொட்டலம் பிரிந்து, குறிப்பேடு மூன்றில் ஒன்று புளியோடு ஒட்டிக்கொண்டது. கரையான் விட்டது புளிக்கு.

முன்சீட்டில் ஒரு அப்பாவும் மூன்று வயதுப் பெண் குழந்தையும். விளக்கணைத்த பிறகும் அவள் தூங்கவில்லை. அது என்ன வெளிச்சம்? லாரி. லாரிக்குத் தூக்கம் வராதா? டிரைவர் முழிச்சிருக்கார்ல. டிரைவருக்கு யாரு சோறு குடுப்பா? பின்னாலிருந்து ஒருவர், "பாப்பாவத் தூங்க வைங்க சார், காலைல ஆபீஸ் போகணும்" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டார். அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பழக்கதோஷம், நான் அவள் கேள்விகளைக் கைவிரலில் எண்ணத் தொடங்கினேன். சேலம் தாண்டும்போது 31. முப்பத்திரண்டாவதுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை, தூங்கிப்போனேன்.